இடையன்குடிக் குருவும் திருநெல்வேலி வரலாறும்: கால்டுவெல்லின் வட்டார வரலாற்று எழுத்துகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இராபர்ட் கால்டுவெல் (1814–1891) தமிழுலகில் ஒப்பிலக்கண ஆசிரியராகவே அறியப்படுகிறார். ஐம்பதாண்டுகள் திருநெல்வேலிப் பகுதியில் சமயப்பணி புரிந்த அவர் அவ்வட்டாரத்தின் நிலம், துறைமுகம், அரசியல், சமூகம் குறித்து எழுதியவை தனித்த ஆய்வுக்கு உரியன. 1849, 1857, 1881 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்களை இணைத்து வாசித்து, வட்டார வரலாற்றாசிரியர் என்னும் நிலையில் அவருடைய ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கால்டுவெல், திருநெல்வேலி, கொற்கை, காயல், வட்டார வரலாறு, பாளையக்காரர், மறுப்பு நூல்கள்.

முன்னுரை

தென்மாவட்டங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் ‘கால்டுவெல் கூறுவார்’ என்னும் தொடர் மிகுதியாக வருகிறது. கொற்கையைப் பற்றிப் பேசுவோரும், பாளையக்காரர் போரை ஆராய்வோரும், நாட்டார் தெய்வங்களைத் தொகுப்போரும், சாதி வரலாறு எழுதுவோரும் அவரை நாடுகின்றனர். மேற்கோள் எந்த ஆண்டின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இவர்களுள் பலர் குறிப்பதில்லை. முப்பத்தைந்து வயதில் ஒரு சிற்றூர்க் குருவாக இருந்து எழுதிய கால்டுவெல்லும் அறுபத்தேழு வயதில் பேராயராக இருந்து எழுதிய கால்டுவெல்லும் ஒரே குரலில் பேசுவதாகக் கொள்வது ஆய்வுமுறைப் பிழை. அப்பிழையால் சான்று எது, கருத்து எது, காலத்தின் சாய்வு எது என்பது மறைந்துபோகிறது. அவருடைய வட்டார வரலாற்று எழுத்துகளைக் கால வரிசையிலும் நோக்க வரிசையிலும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் முயற்சி.

அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ நகரில் வளர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் பயின்றவர் கால்டுவெல். 1838இல் இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சென்னைக்கு வந்தார். பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த நற்செய்திப் பரப்புதல் சங்கத்தில் இணைந்து, 1841இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். சென்னையிலிருந்து தெற்கே வந்த அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை அவர் நடந்தே கடந்தார். 1877இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவருடைய உடல் இடையன்குடித் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. வாழ்க்கை வரலாற்று நூல்கள் இவற்றை விரிவாகத் தருவதால் இங்கு இவ்வளவே போதும்.

நடந்தறிந்த நிலம்

கால்டுவெல்லின் வட்டார ஆய்வுகளில் காலத்தால் தேயாமல் நிற்பது கொற்கை, காயல் குறித்த பகுதியாகும். கிரேக்க நூலாகிய பெரிப்ளூசும் தாலமியின் நிலநூலும் முத்துக்குளிக்கும் கடற்கரையில் ‘கொல்கை’ என்னும் துறையைச் சுட்டுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரைக்கு வந்த மார்கோ போலோ ‘காயில்’ என்னும் செழிப்பான துறைமுகத்தைப் பேசுகிறார். இவ்விரண்டும் எவ்விடம் என்பது ஐரோப்பிய அறிஞர்க்குத் தீராத ஐயமாக இருந்தது. மார்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்த கர்னல் யூல், காயலின் இடத்தை அறுதியிடக் கால்டுவெல் அனுப்பிய செய்திகளையே சார்ந்து நின்றார்.

கால்டுவெல் இதனை நூலகத்தில் இருந்து முடிவு செய்யவில்லை. தாமிரபரணியின் கழிமுகத்தை அவர் நேரில் சுற்றினார். 1877ஆம் ஆண்டையொட்டிக் கொற்கையிலும் பழைய காயலிலும் அகழ்ந்தார். பழைய காயல் பகுதியில் உடைந்த ஓடுகளும், சீனப் பீங்கான் துண்டுகளும், அரபு நாட்டு மட்கலச் சில்லுகளும் பரவிக் கிடந்ததைப் பதிவு செய்தார். பெயரொற்றுமையால் பலரும் காயல்பட்டினத்தையே மார்கோ போலோவின் துறைமுகமாகக் கொள்ள முற்பட்டிருந்த நிலையில், நிலத்தின் மேற்பரப்பிலேயே கிடந்த சில்லுகள் அவரை வேறிடத்திற்கு இட்டுச்சென்றன.

இவ்விரு துறைமுகங்களையும் இணைக்கும் விளக்கம் அவருடைய ஆய்வின் உயிர்நாடி. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவரும் வண்டல் கழிமுகத்தில் படிய, கரை கடலை நோக்கி நகர்கிறது. கொற்கை கடலை இழந்தபோது வணிகம் கரையை ஒட்டிக் காயலுக்கு இறங்கியது. காயலும் தூர்ந்தபோது, ஆற்றின் வண்டல் எட்டாத தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. அரச மரபுகளின் எழுச்சி வீழ்ச்சியால் மட்டுமே நகரங்களின் வாழ்வை விளக்கிய காலத்தில், ஓர் ஆற்றின் செயலைக் காரணமாக முன்வைத்தது இவ்விளக்கம். இன்று கொற்கை கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்கள் சூழ்ந்த சிற்றூராகக் கிடப்பதைக் காண்பவர்க்கு இதன் வலு விளங்கும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69இல் கொற்கையில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்னும் காலக்கணிப்பைத் தந்தது. கால்டுவெல் ஊகித்ததினும் இது தொன்மை மிக்கது. ஆயினும் அவர் சுட்டிய இடம் மாறவில்லை.

இதே ஆய்வில் அவர் தடுமாறும் இடமும் உண்டு. கொற்கை என்னும் பெயரைக் ‘கொல்’, ‘கை’ எனப் பிரித்துப் படையோடு தொடர்புபடுத்தினார். கொற்கைக்கு அண்மையில் மாறமங்கலம், அக்கசாலை என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. முன்னது பாண்டியரின் ‘மாறன்’ என்னும் பெயரையும், பின்னது நாணயமும் பொன்னணியும் செய்யும் தொழிற்கூடத்தையும் காட்டி நிற்கின்றன. ஒரு பெயரைத் தனியே பிளப்பதைவிட, அதனைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களோடு வைத்து நோக்குவதே பயனுடையது. ஒப்பிலக்கணத்தில் அவருக்கு வெற்றி தந்த சொற்பகுப்புப் பழக்கம் இடப்பெயராய்வில் அவரை மிகையாக இழுத்துச் சென்றது என்றே தோன்றுகிறது.

கிடைக்காத நூல்கள்

கால்டுவெல் கொற்கையைப் பற்றி எழுதும்போது சங்க இலக்கியத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று சிலர் வினவுவதுண்டு. வினா காலமயக்கம் உடையது. ‘திருநெல்வேலி மாவட்ட அரசியல், பொது வரலாறு’ சென்னையில் அச்சானது 1881இல். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887இலும், உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வந்தன. கொற்கை முத்தும், கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியனும் அச்சில் கிடைக்காத காலத்தில் கொற்கையின் வரலாற்றை எழுதியவர் அவர். கல்வெட்டு நிலையும் அத்தகையதே. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி வெளிவந்தது 1890இல்.

முதுமக்கள் தாழிகள் குறித்து அவர் எழுதிய பகுதியும் இவ்வெளிச்சத்தில் வாசிக்கத்தக்கது. தாழிகளைத் தோண்டி எலும்பையும் கலங்களையும் ஆராய்ந்த அவர், அவை யாருடையவை என்று ஊர்மக்களைக் கேட்டார். சாவு வராமல் முதுமையால் சுருங்கிப்போன முன்னோரைத் தாழிக்குள் உணவுடன் வைத்துவிடுவர் என்னும் கதையே விடையாகக் கிடைத்தது. தாழி வனையும் கலஞ்செய் கோவை விளித்துப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள் அப்போது சுவடியில் இருந்தன. அவரிடம் இருந்த ஒரே தமிழ்ச் சான்று அந்த வாய்மொழிக் கதைதான். அதனை நகையாடித் தள்ளிவிடாமல் எழுதி வைத்தார். நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் இப்பதிவுக்கு இன்னும் உரிய மதிப்பளிக்கவில்லை.

மூலங்கள் இல்லாமையால் நேர்ந்த பிழைகளும் சிறியவை அல்ல. மார்கோ போலோ குறிக்கும் சுந்தர பாண்டியனையும், திருஞானசம்பந்தரால் சைவம் தழுவியதாகப் பெரியபுராணம் கூறும் கூன் பாண்டியனையும் ஒருவராகக் கொண்டதால், சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு இறக்கிவிட்டார். பெ. சுந்தரம் பிள்ளை கல்வெட்டுகளையும் இலக்கிய அகச்சான்றுகளையும் கொண்டு இதனை மறுத்து, சம்பந்தர் காலத்தைப் பல நூற்றாண்டுகள் முன்னே நிறுவினார். அம்மறுப்பு எழுந்த விதம் கவனத்துக்குரியது. சுந்தரம் பிள்ளை கால்டுவெல்லின் சமயத்தையோ நோக்கத்தையோ எடுத்துப் பேசவில்லை. பெயரொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு இரு மன்னரை ஒருவராக்கும் முறையைத்தான் தகர்த்தார். கால்டுவெல்லை இன்று ஏற்போரும் எதிர்ப்போரும் அந்த நாகரிகத்திலிருந்து வெகு தூரம் வந்துவிட்டனர்.

ஒரே ஆண்டில் இரு நூல்கள்

1881இல் கால்டுவெல்லின் இரண்டு வரலாற்று நூல்கள் வெளிவந்தன. ஒன்று மேற்சுட்டிய மாவட்ட வரலாறு. மற்றொன்று திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்ககால வரலாற்று ஆவணங்களைத் தொகுத்துரைக்கும் நூல். இவற்றை அடுத்தடுத்து வாசிப்பவர்க்கு ஒரு பிளவு புலப்படும்.

மாவட்ட வரலாற்றில் பாண்டியர், நாயக்கர், நவாப், யூசுப் கான், பாளையக்காரர், கம்பெனித் தளபதிகள் ஆகியோரே மாந்தர். போர், வரி, முற்றுகை, தூக்கு ஆகியனவே நிகழ்ச்சிகள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததும் விரிவாக வருகின்றன. இப்பகுதி கம்பெனி ஆவணங்களையும், போரில் பங்கேற்ற வெல்ஷ் போன்ற படைத்தலைவர்கள் எழுதிய நினைவுகளையும் பெரிதும் சார்ந்தது. கலகம், அடக்குதல், அமைதி என்னும் வரிசையில் நிகழ்வுகளை அடுக்கும் பார்வை அம்மூலங்களோடு உடன் வந்ததாகும். கட்டபொம்மன் குறித்த கதைப்பாடல்களுக்கு இவ்வடுக்கில் இடமில்லை. ஆயினும் ஊமைத்துரையின் வீரத்தையும், அவன்பால் மக்கள் கொண்டிருந்த பற்றையும் வெல்ஷ் வியந்து எழுதியவற்றைக் கால்டுவெல் விலக்கிவிடவில்லை. எதிர்த்தரப்புத் தளபதியின் வியப்பு வழியாகவே ஊமைத்துரை வரலாற்று நூலுக்குள் நுழைகிறான். பிற்காலத் தமிழ் நூல்கள் இப்பகுதியை எடுத்தாண்டபோது, வெல்ஷின் கூற்றையும் கால்டுவெல்லின் கூற்றையும் பிரித்துக் காட்டாமல் விட்டது பல குழப்பங்களுக்குக் காரணமாயிற்று.

திருச்சபை நூலிலோ குடிமக்கள் பெயருடன் வாழ்கின்றனர். பாளையங்கோட்டையில் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண், அவர் முயற்சியால் 1785இல் எழுந்த சிற்றாலயம், 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், 1799இல் முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பைத் தொடங்கிய தாவீது சுந்தரானந்தம் ஆகியோர் வருகின்றனர். அடிபட்டோர், ஊரைவிட்டு ஓடியோர், நிலம் வாங்கிக் கூடிக் குடியேறியோர் எனச் சாதாரண மக்களின் அலைச்சலும் பதிவாகியுள்ளது. முதலூர் தோன்றிய அதே 1799இல்தான் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு. இரு நிகழ்ச்சிகளும் தனித்தனி நூல்களில் உள்ளன. பாளையக்காரர் போரின் அலைகள் தேரிக்காட்டுக் குடிமக்களை எவ்வாறு தாக்கின, மதமாற்றத்துக்கும் அக்கால அரசியல் குலைவுக்கும் என்ன தொடர்பு என்னும் வினாக்கள் இரு நூல்களுக்கும் இடையிலுள்ள வெளியில் விடப்பட்டுள்ளன. ‘பொது வரலாறு’ எனப் பெயர் கொண்ட நூலில் பொதுமக்கள் அருகியே தோன்றுகின்றனர் என்பதைக் குறையாகச் சொல்லத்தான் வேண்டும்.

மாவட்ட வரலாறு 1801இல், கருநாடக நவாபின் ஆட்சியுரிமை கம்பெனிக்குக் கைமாறியதோடு நின்றுவிடுகிறது. ஸ்டூவர்ட் தொகுத்த மாவட்டக் கையேடு 1879இலேயே வந்துவிட்டதால், பிற்காலச் செய்திகளைத் திரும்பக் கூற வேண்டியதில்லை என அவர் கருதியிருக்கலாம். எனினும் 1841 முதல் நாற்பதாண்டுகள் அம்மண்ணில் வாழ்ந்து, 1876–78 பஞ்சத்தில் நிவாரணப் பணியும் செய்த ஒருவர், தாம் கண்ட காலத்தைத் தம் வரலாற்று நூலுக்கு வெளியே நிறுத்தியது பேரிழப்பு. கண்டதை எழுதுவது சங்கத்திற்கான அறிக்கை, ஏட்டில் உள்ளதை எழுதுவது வரலாறு என்னும் பாகுபாடு அவரிடம் உறுதியாக இருந்தது போலும்.

எழுதப்பட்டோர் வாசித்தபோது

கண்டதை எழுதிய ஒரு முந்தைய முயற்சி அவருக்குக் கசப்பாக முடிந்தது. 1849இல் அவர் வெளியிட்ட ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்னும் சிறுநூல், இன்று நாடார் என வழங்கும் சமூகத்தின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி இங்கிலாந்து வாசகர்க்காக எழுதப்பட்டது. பனையேறுதல், தேரிமண், பேய் வழிபாடு, கோயிற்கொடை ஆகியவை பற்றிய அதன் விவரணை இன்றும் பயன்தருவது. அச்சமூகத்தார் இலங்கையிலிருந்து வந்தேறியவர் என்றும், அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தோர் என்றும் அந்நூல் வரைந்த சித்திரமோ சான்றின்மேல் எழுந்ததன்று. சமயப்பணிக்குப் பொருளுதவி நாடும் எழுத்தில், மீட்கப்பட வேண்டியவரின் இழிநிலையை மிகுத்துக் காட்டும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. இது விளக்கமாகலாம், நியாயம் ஆகாது.

தாம் எழுதுவதைத் தம் சபையார் வாசிப்பர் என்பதைக் கால்டுவெல் எண்ணிப் பார்க்கவில்லை. திருச்சபைப் பள்ளிகளே ஆங்கிலம் கற்பித்தன. அப்பள்ளிகளில் பயின்றோரே அந்நூலை வாசித்துச் சினந்தனர். அவர்களுள் முதன்மையானவர் சட்டம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம். ஐரோப்பியக் குருமாரின் அதிகாரத்தை மறுத்து, 1857இல் பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையை அவர் நிறுவியமைக்குக் காரணங்கள் பல. கால்டுவெல்லின் நூல் அவற்றுள் ஒன்று. அடுத்த பத்தாண்டுகளில் நாடார் அறிஞர்கள் மறுப்பு நூல்களும் துண்டறிக்கைகளும் வரைந்தனர். சான்றோர் என்னும் பழஞ்சொல்லையும் கொற்கைப் பாண்டியர் மரபையும் தம் வரலாற்றின் வேராக அவர்கள் முன்வைத்தனர்.

இம்மறுப்பு நூல்களைச் சாதிப்பெருமைப் பிதற்றல் என ஒதுக்குவது ஆய்வுலகின் வழக்கம். அவற்றின் முடிவுகளுள் பல ஏற்கத்தக்கன அல்ல என்பது உண்மையே. ஆனால் நிகண்டு, தலபுராணம், கல்வெட்டு, ஊர்ப்பெயர், சடங்கு ஆகியவற்றைச் சான்றாகத் திரட்டி, அச்சிட்ட நூலை அச்சிட்ட நூலால் எதிர்கொண்ட முறையில், திருநெல்வேலிப் பகுதியில் தமிழில் எழுந்த வட்டார வரலாற்று விவாதத்தின் தொடக்கநிலை ஆவணங்கள் அவை. கால்டுவெல்லின் மாவட்ட வரலாற்றைப் பாராட்டுவோர் 1849ஆம் ஆண்டு நூலைப் பேசுவதில்லை. 1849ஐக் கண்டிப்போர் 1881ஐத் திறந்து பார்ப்பதில்லை. மறுப்பு நூல்களையும் சேர்த்து மூன்றையும் ஒருங்கே வைத்தால்தான், கொற்கை என்னும் ஒரே இடத்தைக் குருவானவரும் குடிகளும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோண்டியது புலனாகும்.

பதிப்பு வரலாறும் இங்குக் கருதத்தக்கது. ஒப்பிலக்கணத்தின் 1856, 1875 பதிப்புகள் ஆசிரியர் வாழ்ந்தபோது வந்தவை. அவர் மறைவுக்குப் பின் 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில், சமூகம் குறித்த சில பகுதிகள் பதிப்பாசிரியர்களால் நீக்கப்பட்டன. 1913ஆம் ஆண்டுப் பதிப்பை மட்டும் பார்த்துக் கால்டுவெல்லின் சமூகப் பார்வையைப் பேசுவது, நீக்கியோரின் பார்வையைக் கால்டுவெல்லின்மேல் ஏற்றுவதாகும்.

எந்த மொழியில், யாருக்கு

கால்டுவெல் தமிழில் எழுதாதவர் அல்லர். நற்கருணைத் தியானமாலை (1853), தாமரைத் தடாகம் (1871) ஆகியவை அவருடைய தமிழ் உரைநடை நூல்கள். விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்புத் திருத்தக் குழுவிலும் அவர் பணியாற்றினார். தியானமும் அறவுரையும் தமிழில் தந்தவர், கொற்கையின் கதையையும் பாளையக்காரரின் கதையையும் ஆங்கிலத்திலேயே தந்தார். இடையன்குடி மக்கள் அவரிடமிருந்து வேதத்தைத் தம் மொழியில் பெற்றனர். தம் மண்ணின் வரலாற்றைப் பெறவில்லை. அரசாங்கமும் ஐரோப்பிய அறிஞருமே அவ்வரலாற்றின் வாசகராகக் கருதப்பட்டனர்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவாகிய நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசருடன் (1875–1947) ஒப்பிட இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ‘யாழ்ப்பாண வைபவமாலை’ என்னும் உள்ளூர் வரலாற்று நூலைப் போர்த்துக்கேய ஆவணங்களோடும் சிங்கள வரலாற்று நூல்களோடும் ஒத்திட்டு ஆராய்ந்து, 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் தமிழ் நூலை அவர் வெளியிட்டார். ஞானப்பிரகாசரிடமும் சமயச் சார்பு உண்டு. அவருடைய சொற்பிறப்பு முடிவுகளிலும் மிகை உண்டு. எனினும் எவருடைய வரலாற்றை எழுதினாரோ அவர்களே வாசித்து மறுக்கத்தக்க மொழியில் எழுதினார். முதலியார் செ. இராசநாயகம் போன்றோருடன் அவர் நிகழ்த்திய வாதங்கள் யாழ்ப்பாண வரலாற்றாய்வை முன்னகர்த்தின.

திருநெல்வேலியில் அத்தகைய நேர்வாதம் நிகழவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரிசை நூல்களும், தமிழில் அதற்கு எதிரான ஒரு வரிசை நூல்களும் ஒன்றையொன்று நேர்நின்று பாராமல் அடுக்கப்பட்டன. 1881ஆம் ஆண்டுத் திருச்சபை நூலில் ஊர்வாரியாக வரும் குடியேற்றச் செய்திகளை, அதே ஊர்கள் பற்றிய வருவாய்த்துறை ஆவணங்களோடும், சபைப் பதிவேடுகளோடும், மறுப்பு நூல்களின் கூற்றுகளோடும் ஒத்திடும் பணி மிச்சமுள்ளது. முதலூரையும் நாசரேத்தையும் பிரகாசபுரத்தையும் எடுத்துக்கொண்டு அதனைத் தொடங்கலாம். மூன்றும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள்.